காலையில் படுத்துக் கிடக்கும் கார்

நெகிரி செம்பிலானில் சிலியாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் மச்சான் வீடு. வாசலில் தகரக் கூரை போட்ட சிமெண்டுத் தரை. அதில்தான் அவர் கார் நிற்கும். பத்து வயது தாண்டிய ஜெர்மன் கார். முதல் முதலாளி விற்றதைச் சேமிப்பைத் திரட்டி வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. “ராத்திரி நல்லாத்தான் நின்னுச்சு மச்சான். காலையில பாத்தா பின்னால படுத்துக் கெடக்கு. ஸ்டார்ட் பண்ணினா அரைமணி நேரமா உறுமுது, தூக்க மாட்டேங்குது.”

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் பட்டணத்துப் பட்டறை ஒன்றில் அந்தக் காருக்குப் புதுக் கம்ப்ரெஸர் போட்டிருந்தார். “கம்ப்ரெஸர் போயிடுச்சு, மாத்தினா சரியாயிடும்” என்று போமன் சொன்னதை நம்பி ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்திருந்தார். இப்போது அதுவும் சாகக் கிடக்கிறது. உண்மையில் கெட்டுப்போயிருந்தது கம்ப்ரெஸர் அல்ல. பின்பக்க வலது காற்றுப் பையின் மடிப்பில் நகக்கீறல் அளவு வெடிப்பு. அதை யாரும் தேடிப் பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் காலைதான். ஏர் சஸ்பென்ஷன் கோளாறை வீட்டில் வைத்தே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும், நம் தோட்டத்துச் சாலைக்கும் வெயிலுக்கும் மழைக்கும் அதில் என்ன பங்கு என்று சில ஆண்டுகளாகவே விசாரித்தும் படித்தும் பார்த்தும் வருகிறேன். கோளாறைக் கண்டுபிடிப்பதில் பெரும்பகுதி வீட்டு வாசலிலேயே முடியக்கூடிய வேலை, பழுது பார்ப்பதில் பெரும்பகுதி அப்படியல்ல என்பது என் முடிவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பணமும் போகிறது, சில வேளை உயிரும் போகிறது.

தோட்டத்தில் இந்த மாதிரி கார் ஏது என்று கேட்பவர்கள் இன்றைய நெகிரி செம்பிலானைப் பார்க்க வேண்டும். லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பஹாவ் வட்டாரங்களில் ரப்பர் நின்ற இடங்கள் பல செம்பனை ஆகிவிட்டன. லயத்தில் பிறந்த பிள்ளைகள் சிரம்பானிலும் நீலாயிலும் செனவாங்கிலும் வேலை பார்க்கிறார்கள். சிலர் தோட்டத்திலேயே தங்கி நாள்தோறும் போய்வருகிறார்கள், சிலர் வார இறுதியில் அப்பா அம்மாவைப் பார்க்க வருகிறார்கள். ரீக்கோன் கார்களும் பழைய சொகுசுக் கார்களும் விலை இறங்கி இவர்கள் கைக்கு எட்டுகின்றன. 1998இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்த ஏர்மேட்டிக், 2000க்குப் பிறகு ஆவ்டி ஆல்ரோட், வோக்ஸ்வேகன் துவாரெக், போர்ஷே கயென், லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, டொயோட்டா ஹாரியரில் சில ரகங்கள், பிராடோவில் சில ரகங்களின் பின்பக்கம் என்று காற்றுப் பை உள்ள கார்கள் ஏராளம். புதிதாக இருக்கையில் பணக்காரர் ஓட்டிய கார் பன்னிரண்டு வயதில் தொழிலாளி வீட்டுக்கு வருகிறது. விலை இறங்கிவிட்டது, உதிரிப்பாகத்தின் விலை மட்டும் இறங்கவில்லை. அதனால்தான் இதைப் பற்றிய அறிவு முதல் முதலாளியைவிட நமக்கு அதிகம் தேவைப்படுகிறது.

வேலை செய்யும் விதம் எளிது. சாதாரணக் காரில் இரும்புச் சுருள் ஸ்பிரிங் சுமையைத் தாங்கும். இதில் ரப்பர் பைக்குள் அடைத்த காற்று தாங்குகிறது. ஒரு மூலையில் 500 கிலோ எடை இறங்குகிறது, பைக்குள் 7 பார் அழுத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையைத் தூக்க ஏறத்தாழ 70 சதுர சென்டிமீட்டர் பரப்பு போதும். அதாவது குறுக்கே ஒன்பதரை சென்டிமீட்டர் வட்டம், ஒரு பால் மங்கின் வாயளவு. அவ்வளவு சிறிய இடத்தில் அரை டன் நிற்கிறது. காற்றை அடைக்க ஒரு மின்சாரக் கம்ப்ரெஸர், அதன் ஈரத்தை உறிஞ்ச ஒரு டிரையர், எந்தப் பைக்கு எவ்வளவு என்று பங்கிட்டுத் தரும் வால்வு பிளாக், பென்சில் தடிமனில் நைலான் குழாய்கள், ஒவ்வொரு மூலையின் உயரத்தையும் அளந்து சொல்லும் சென்சார், எல்லாவற்றையும் ஆளும் ஒரு கணினிப் பெட்டி. சில கார்களில் காற்றைச் சேமிக்கத் தனியாக ஒரு தொட்டியும் உண்டு.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1930களில் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் காற்றுப் பைகளைச் சோதித்தது. 1950களில் கிரேஹவுண்ட் பேருந்துகள் அதில் ஓடின. 1957இல் கேடிலாக் எல்டராடோ புரோம் காரில் வந்தது, மறு ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் மற்றக் கார்களிலும் விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. ஓரிரு ஆண்டில் கைவிடவும் செய்தது. காரணம் கசிவும் ஈரமும்தான். வாங்கியவர்களில் பலர் காற்றுப் பையைக் கழற்றிவிட்டு இரும்பு ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். மின்னணுக் கட்டுப்பாடு வந்த பிறகு 1980களில் இது மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் அன்று கேடிலாக்காரர் பட்ட அதே இரண்டு தொல்லைகள்தான் இன்று என் மச்சான் வீட்டு வாசலிலும் வந்து நிற்கின்றன.

அன்று காலை மச்சானின் அம்மாவான அத்தையும் வெளியே வந்து நின்றார். முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். நான் சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டியபோது அந்தக் கறுப்புப் பையை விரலால் தொட்டுப் பார்த்து, “இதுவும் ரப்பர்தானாய்யா?” என்று கேட்டார். ஆமாம். பையின் சுவர் நைலான் நூல் வைத்துப் பின்னிய ரப்பர். சிலவற்றில் இயற்கை ரப்பர், சிலவற்றில் குளோரோபிரீன் என்கிற செயற்கை ரப்பர், சிலவற்றில் இரண்டும். இழுக்க இழுக்க இயற்கை ரப்பரின் இழைகள் ஒழுங்காக அடுக்கி இறுகிக்கொள்ளும். அதனால் ஒரு சிறு வெடிப்பு விழுந்தாலும் அது எளிதில் பரவாது. ஆயிரக்கணக்கான முறை மடிந்து விரிய வேண்டிய பொருளுக்கு இதைவிட நல்ல குணம் வேண்டியதில்லை. 1959இல் வந்த மினி கார் இரும்பு ஸ்பிரிங்கே இல்லாமல் ரப்பர் கூம்புகளின் மேல் ஓடியதும் இந்த நம்பிக்கையில்தான். 1925இல் மலாயாவில் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நம் தோட்டங்களுக்கு மரவகைகளைக் கொடுத்தது. அந்த மரங்களின் பாலைச் சுமந்தவர்கள் நம் பெற்றோர். ஆகவே இந்தப் பையின் பலத்தையும் பலவீனத்தையும் தெரிந்துகொள்வது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை.

பலவீனம் எது? வெப்பம், ஓசோன், எண்ணெய். இழுத்துக் கட்டிய ரப்பர் வளையத்தை ஜன்னலோரம் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள், குறுக்கே மெல்லிய கோடுகள் விழும். காற்றிலுள்ள ஓசோன் செய்யும் வேலை அது. காற்றுப் பையில் எப்போதும் மடிந்து இழுபட்டுக்கொண்டே இருக்கும் இடம் அடிப்பக்கச் சுருள் மடிப்பு. முதல் கோடு அங்கேதான் விழும். கிரீஸும் டீசலும் என்ஜின் எண்ணெயும் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி வலுவிழக்கும். சக்கரம் கழுவும்போது மண்ணெண்ணெய் தெளிக்கிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. காற்றுப் பை உள்ள காரில் அதை அடியோடு நிறுத்த வேண்டும்.

இதோடு தோட்டத்துச் சாலை சேர்கிறது. செம்மண், நொறுங்கிய சரளை, மழை பெய்தால் குழம்பு. அந்தக் குழம்பு பையின் மடிப்புக்குள் புகுந்து காய்ந்தால் உப்புத்தாள் போல ஆகிவிடும். கார் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது அது ரப்பரைத் தேய்க்கும். செம்பனை மட்டையின் முள் வேறு. இன்னொன்றைப் பலர் நினைப்பதே இல்லை: எலி. செம்பனைத் தோட்டத்தில் எலித் தொல்லை எவ்வளவு என்பதற்கு, அதைப் பிடிக்கவென்றே கூண்டு வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள் என்பதே சாட்சி. இரண்டு வாரம் ஓடாமல் நின்ற காரின் அடியில் நைலான் குழாயையும் சென்சார் ஒயரையும் எலி கடித்திருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர்நாட்டுக் கையேடுகள் இதைச் சரியாகச் சொல்வதில்லை. அவை குழாயில் நீர் உறைவதைப் பற்றி எச்சரிக்கும். நமக்கு உறையாது. ஆனால் 30 பாகை வெப்பத்தில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள நம் காற்றின் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கிறது. அதே ஈரப்பதத்தில் 10 பாகைக் குளிரில் அது எட்டு கிராமைத் தொடாது. ஐரோப்பாவின் குளிர்ந்த பருவத்துக் காற்றில் இருப்பதைப் போல மூன்று மடங்கு தண்ணீரை நம் ஊர்க் காரின் டிரையர் உறிஞ்ச வேண்டியிருக்கிறது. கார் இறங்கும்போது பையிலிருந்து வெளியேறும் உலர்ந்த காற்று அதே டிரையர் வழியாகத் திரும்பிப் போய் அதைக் காய வைக்கும். இதுதான் அதன் ஏற்பாடு. உள்ளே வந்த காற்று அதே வழியில் வெளியே போனால்தான் டிரையர் பிழைக்கும்.

இப்போது பையில் ஒரு கசிவு விழுகிறது என்று வையுங்கள். காற்று டிரையர் வழியாகத் திரும்பாமல் வெடிப்பு வழியாகப் போகிறது. கம்ப்ரெஸர் மீண்டும் மீண்டும் ஈரக் காற்றை உள்ளே தள்ளுகிறது. டிரையர் காயவே வாய்ப்பில்லை. ஈரம் ஏறி, உள்ளேயிருக்கும் மணிகள் நொறுங்கி வெள்ளைப் பொடியாகின்றன. அந்தப் பொடி வால்வு பிளாக்கில் போய் உட்காருகிறது. வால்வு சரியாக மூடாமல் அங்கேயும் கசிகிறது. சில விநாடிகள் ஓடி நிற்க வேண்டிய கம்ப்ரெஸர் நிமிடக்கணக்கில் ஓடிச் சூடேறுகிறது, பிஸ்டன் வளையம் தேய்கிறது, ரிலேயின் முனைகள் கருகி ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டே இருந்து எரிந்துபோகும். சாகிறது கம்ப்ரெஸர், கொன்றது கசிவு. கம்ப்ரெஸரை மட்டும் மாற்றுகிறவர் ஓட்டைக் குடத்துக்குப் புதுக் கயிறு வாங்கிக் கட்டுகிறார்.

கண்டுபிடிக்கும் முறைக்கு வருமுன் பாதுகாப்பைச் சொல்லியாக வேண்டும், இதைப் படிக்காமல் தாண்டிப் போக வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். காற்றுப் பையை மட்டும் நம்பி நிற்கும் காரின் அடியில் தலையோ கையோ போகக் கூடாது. பை வெடித்தாலும், வால்வு திறந்தாலும், கணினி தானாக இறக்கினாலும் கார் ஒரு நொடியில் இறங்கிவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை வைத்திருந்தால் விரல் இருக்காது. ஜாக்கியால் தூக்குமுன் ஜாக்கி முறை என்ற வசதி காரில் இருந்தால் அதைப் போட வேண்டும். தூக்கியபின் இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும். செங்கல், மரக்கட்டை, செம்பனைக் குற்றி எதுவும் ஆகாது. செம்மண் தரையில் ஜாக்கி புதையும், ஆகவே சிமெண்டுத் தரை வேண்டும். அழுத்தம் இருக்கும்போது எந்தக் குழாய் மூட்டையும் கழற்றக் கூடாது.

முதல் சோதனைக்கு வேண்டியது ஒரு அளவு நாடா, ஒரு சாக்குக்கட்டி, ஒரு தாள். சமமான தரையில் காரை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் கீழ்விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். டயர் நின்ற இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். மறுநாள் காலை கதவைத் திறக்காமல், அதே இடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். கதவைத் திறந்தாலே பல கார்களின் கணினி விழித்துக்கொண்டு கம்ப்ரெஸரை ஓட்டிவிடும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. லேண்ட் ரோவர் போன்ற சில கார்கள் நின்றுகொண்டிருக்கும்போதே அவ்வப்போது விழித்து, இறங்கிய மூலைக்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். காலையில் நான்கும் இறங்கிக் கிடக்கும், எது குற்றவாளி என்று தெரியாது. அந்த வகைக் காருக்கு அளந்து முடித்ததும் சஸ்பென்ஷன் ஃபியூஸை எடுத்துவிட்டு இரவைக் கடத்த வேண்டும். பட்டறைக்குப் பல முறை போயும் கிடைக்காத விடை இந்த ஒரு ஃபியூஸில் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காலையில் எழுதிய எண்கள் பேசும். ஒரே மூலை இறங்கியிருந்தால் அந்தப் பை, அதன் குழாய், அல்லது அந்தப் பைக்குரிய வால்வு. முன்னிரண்டுமோ பின்னிரண்டுமோ சமமாக இறங்கியிருந்தால் அந்த அச்சுக்குரிய வால்வு பிளாக்கில் சந்தேகம். எதுவும் இறங்கவில்லை, ஆனால் ஓட்டும்போது சஸ்பென்ஷன் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, கார் உயரவில்லை என்றால் கம்ப்ரெஸர், ரிலே, மின்சாரம் பக்கம் தேட வேண்டும். ஒரு மூலை மட்டும் உயரமாக நின்றால் பெரும்பாலும் சென்சார். இறங்கும் வேகத்தையும் குறியுங்கள். இரண்டு மூன்று நாளில் ஒரு சென்டிமீட்டர் இறங்குவதைப் பல தயாரிப்பாளர்கள் குறையாகக் கொள்வதில்லை. ஓர் இரவில் ஐந்து சென்டிமீட்டர் என்றால் கசிவு உறுதி.

அடுத்தது சவர்க்காரத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு மூன்று கரண்டி ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிப்பானில் ஊற்றிக்கொள்ளலாம். முதலில் மடிப்புகளில் காய்ந்திருக்கும் செம்மண்ணை வெறும் தண்ணீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். உயர் அழுத்தப் பம்பை அருகே கொண்டுபோக வேண்டாம். முன்பக்கப் பையைப் பார்க்க ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் போதும். பின்பக்கத்துக்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டிவரும். ஒரே உயரத்தில் மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது, ஏனென்றால் வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். சில வெடிப்பு உயரத்தில் தெரியும், சிலது தாழ்ந்த நிலையில்தான் திறக்கும்.

மச்சான் காரில் முதலில் மேல் மூட்டில் தெளித்தோம், ஒன்றுமில்லை. குழாய் நுழையும் இடத்திலும் ஒன்றுமில்லை. அடி மடிப்பில் தெளித்துவிட்டுப் பேசாமல் காத்திருந்தோம். அரை நிமிடம் கழித்து ஒரே ஒரு இடத்தில் மட்டும் கடுகளவு குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொங்கி வெள்ளையாகத் திரண்டன. வாளியில் புதுப்பால் ஊற்றும்போது விளிம்பில் ஒதுங்கும் நுரை இருக்கிறதே, அதே நிறம், அதே மென்மை. விரலால் துடைத்தால் மறைகிறது, பத்து எண்ணுவதற்குள் மீண்டும் திரள்கிறது. அத்தைதான் முதலில் பார்த்தார். முதல் கம்ப்ரெஸரைக் கொன்று, புதியதையும் சாகக் கிடத்தியது அந்தக் கடுகளவு நுரைதான்.

கசிவு கிடைக்காதபோது காதைத் தீட்ட வேண்டும். நல்ல கம்ப்ரெஸர் சீராக உறுமி, கார் உயரத்தைத் தொட்டதும் நின்றுவிடும். ஓடுகிறது, கார் ஏறவில்லை என்றால் வளையம் தேய்ந்திருக்கலாம், அல்லது காற்று உறிஞ்சும் வடிகட்டி செம்மண் தூசியால் அடைத்திருக்கலாம். ஓடவே இல்லை என்றால் ஃபியூஸைப் பாருங்கள், பிறகு அதே எண் கொண்ட வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள். நெடுநேரம் ஓடிச் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளவே கம்ப்ரெஸர் நின்றுவிடும். ஆறவிட்டுத் திரும்பச் சோதித்தபின்தான் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டும். கம்ப்ரெஸர் மாற்றுகிற எவரும் கூடவே ரிலேயையும் மாற்ற வேண்டும். விலையில் அது கம்ப்ரெஸருக்குப் பக்கத்திலேயே வராது.

பேட்டரியையும் விட்டுவிடக் கூடாது. வார இறுதியில் மட்டும் ஓடும் காரில் பேட்டரி தளர்ந்திருக்கும். நின்ற நிலையில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தாலோ, என்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் நடுவே வராவிட்டாலோ சஸ்பென்ஷன் விளக்கு பொய்யாகவும் எரியும். உயர சென்சாரின் கை ஒரு மெல்லிய கம்பி, இரு முனையிலும் பிளாஸ்டிக் குமிழ். தோட்டத்துச் சாலையில் ஒரு மட்டை இடித்தாலே கழன்றுவிடும். அது கழன்று தொங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், பலமுறை மீண்டும் அமுக்கி மாட்டினாலே சரியாகும். ஆனால் சென்சாரையே புதிதாகப் போட்டால் உயரத்தைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்கு அந்தக் கார் வகைக்குரிய கருவி வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பிழைக் குறியீடு படிப்பான்கள் பெரும்பாலும் என்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். “குறியீடு எதுவும் இல்லை” என்று அது சொன்னால் சஸ்பென்ஷன் நலமாக இருக்கிறது என்று பொருளல்ல.

வீட்டு வேலை இங்கே முடிகிறது. பையை மாற்றுவது, வால்வு பிளாக்கைக் கழற்றுவது, பையும் அப்சோர்பரும் ஒன்றாகச் சேர்ந்த முன்பக்கத் தூணைத் தொடுவது எல்லாம் கருவியும் பயிற்சியும் உள்ளவர் வேலை. தனிப் பை உள்ள பின்பக்கத்தை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும் கைதேர்ந்தவர்கள் நம்மில் உண்டு, மறுக்கவில்லை. அவர்களும் காற்றை முழுக்க வடித்து, ஸ்டாண்டில் நிறுத்தி, புதுப் பை மடிப்பு சரியாக உட்கார்ந்தபின் காற்றேற்றி, அதற்குப் பிறகே எடையை இறக்க வேண்டும். காற்றில்லாத புதுப் பையின் மேல் காரை இறக்கினால் மடிப்பு கோணிக்கொண்டு முதல் நாளே கிழியும்.

ஹாஃப் கட் கடைகளில் பழைய பாகம் வாங்கலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. என் தீர்ப்பு: சென்சார், வால்வு பிளாக், காற்றுத் தொட்டி வாங்கலாம். பழைய காற்றுப் பை வாங்கக் கூடாது. ஓடாமல் அடுக்கில் கிடந்தாலும் ரப்பர் வயதாகிக்கொண்டுதான் இருக்கும். புதுப் பையானாலும் அதன் மேல் அச்சிட்ட உற்பத்தித் தேதியைப் படித்துப் பார்த்தே காசு கொடுக்க வேண்டும்.

காற்றுப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு இரும்புச் சுருள் போட்டுவிடலாம் என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் யோசனை. செலவு குறையும், திரும்பத் திரும்பத் தொல்லை இருக்காது. காரை இன்னும் மூன்று நான்கு ஆண்டு ஓட்டப்போகிற ஏழைக் குடும்பத்துக்கு அது தவறான முடிவு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் சில உண்மைகளை மறைத்து அதை விற்கிறார்கள். அந்தக் காரின் அப்சோர்பரும் சறுக்கல் தடுப்பும் முன்விளக்கின் கோணமும் காற்றுப் பையைக் கணக்கில் வைத்து அமைக்கப்பட்டவை. கணினியை ஏமாற்றும் பெட்டி ஒன்றை வைத்து விளக்கை மட்டும் அணைப்பது பழுது பார்ப்பது ஆகாது. வாகன அமைப்பை மாற்றினால் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். விபத்தில் காப்புறுதி கேட்டுப் போகும்போது இது முன்னால் வந்து நிற்கும்.

ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் பின்பக்க இலை ஸ்பிரிங்குக்கு உதவியாகச் சிறு காற்றுப் பை மாட்டிக்கொள்வதுண்டு. இதில் கணினி இல்லை, கையால் காற்றடிப்பது. இரண்டு பையையும் ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிப்போய் வண்டி மேலும் சாயும். தனித்தனிக் குழாய் போடுவதே நல்லது. சுமை இல்லாதபோதும் பையை முழுக்கக் காலியாக விடக் கூடாது. விரைவுப் பேருந்திலும் பாமாயில் ஏற்றும் டேங்கர் லோரியிலும் உள்ள பெரிய காற்றுப் பைகள் வேறு சங்கதி. அவற்றின் காற்று பிரேக்கின் காற்றோடு ஒரே மூலத்திலிருந்து வருகிறது. ஓட்டுநர் சவர்க்காரத் தண்ணீர் தெளித்துக் கசிவைக் காட்டிக்கொடுக்கலாம், அதற்கு மேல் ஒரு திருகையும் தொடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை இருக்கிறது என்று கசிவை அதுவரை தள்ளிப் போடுவது மலைச் சாலையில் இறங்குகிறவர் செய்யக்கூடாத காரியம்.

மச்சானின் காரை அன்று ஓட்ட நான் விடவில்லை. படுத்த காரை ஓட்டினால் டயர் மட்கார்டில் உரசும், காலியான பை காரின் எடைக்குக் கீழே நசுங்கிக் கிழியும். ஃபியூஸை எடுத்துவிட்டு, தட்டு லோரியில் ஏற்றி வேறொரு பட்டறைக்கு அனுப்பினோம். கூடவே ஒரு தாள் கொடுத்தேன். நான்கு மூலையின் காலை அளவு, நுரை வந்த இடத்தின் கைபேசிப் படம். அந்தப் பட்டறை போமன் ஒரு வயதான சீனர். தாளைப் படித்துவிட்டு நேராகப் பையைக் கழற்றினார். இரண்டு பின் பையும், டிரையர் மணிகளும், ரிலேயும் மாற்றினார். கம்ப்ரெஸரை ஆறவிட்டுச் சோதித்தார், இன்னும் உயிர் இருந்தது, அதையே விட்டுவிட்டார். முதல் பட்டறையில் கட்டியதைவிடக் குறைவாகவே ஆனது. ஒரு பை கசிந்தால் அதே வயதுள்ள ஜோடிப் பையையும் சேர்த்து மாற்றுவது வீண்செலவு அல்ல என்பதையும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

உங்கள் காரில் காற்றுப் பை இருந்தால், அது நலமாக இருக்கும் இன்றைக்கே, சாயங்காலம் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சமமான தரையில் நிறுத்தி நான்கு மூலையையும் அளந்து, தேதியோடு எழுதி டாஷ்போர்டுப் பெட்டியில் வையுங்கள். என்றாவது ஒரு காலை கார் சாய்ந்து நிற்பது போலத் தோன்றினால் அந்தத் தாளை எடுத்து அளந்து பாருங்கள், பிறகு பட்டறைக்குப் போங்கள். அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, “கசிவு எங்கே, காட்டுங்கள்” என்பதுதான். அதைக் காட்டும் வரை கம்ப்ரெஸருக்குக் காசு கொடுக்காதீர்கள்.